ஆன் ஆகிறது, உள்ளே போகவில்லை: லேப்டாப் நிற்கும் இடத்தை வைத்துப் பழுதைப் பிடிப்பது

"ஆன் ஆகுது, ஆனா உள்ள போகமாட்டேங்குது." இப்படிச் சொல்லிக்கொண்டு வரும் லேப்டாப்புகளைப் பல வருடமாகப் பார்த்துவருகிறேன். பதிலுக்கு நான் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "எந்தத் திரையில நிக்குது?" பலருக்குச் சொல்லத் தெரியாது. நின்றுவிட்டது என்ற பதற்றத்தில் பவர் பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்திருப்பார்கள், திரையைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

கம்பெனி லோகோவில் நிற்பது, புள்ளிகள் சுற்றும்போது நிற்பது, பாஸ்வேர்டு போட்ட பிறகு நிற்பது எல்லாம் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் தெரியும். உள்ளே அவை தனித்தனிப் பழுதுகள். ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றுக்கு வீண், சில நேரம் கெடுதலும்கூட. அதனால் நிற்கும் இடத்தை வைத்துப் பிரித்து எழுதுகிறேன். ஒவ்வொன்றிலும் கைச்செலவில்லாத காரணம் முதலில் வரும், பாகம் மாற்றும் அளவுக்குப் போகிற காரணம் கடைசியில் வரும். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

## எதற்கும் முன்னால்

லேப்டாப்பைச் சமதளத்தில் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். டச்பேட் மேலே எழும்பியிருக்கிறதா? அடிமூடி உப்பி, மேசையில் வைத்தால் ஆடுகிறதா? அப்படியானால் உள்ளே பேட்டரி வீங்கியிருக்கிறது. சார்ஜரைக் கழற்றுங்கள், அணைத்துவிடுங்கள், அமுக்கிச் சமப்படுத்தப் பார்க்காதீர்கள். லித்தியம் பேட்டரி துளைபட்டால் தீப்பிடிக்கும். நேராகச் சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். கீழே எழுதியிருக்கும் எதுவும் அந்த லேப்டாப்புக்கு இல்லை.

வீக்கம் இல்லையென்றால், செருகியிருக்கும் எல்லாவற்றையும் பிடுங்குங்கள். பென்டிரைவ், பிரிண்டர், வெளி ஹார்ட்டிஸ்க், இரண்டாவது மானிட்டர், டாக், வயர்லெஸ் மவுஸின் குட்டி ரிசீவர், எதுவும் இருக்கக் கூடாது. மெமரி கார்டு இடுக்கையும் விரலால் தடவிப் பாருங்கள். "ஒண்ணுமே சொருகலைங்க" என்று உறுதியாகச் சொல்லி ஒருவர் கொடுத்த லேப்டாப்பை நான் அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கவாட்டு இடுக்கில் கேமரா கார்டு ஒன்று முழுக்க உள்ளே போய், விளிம்போடு விளிம்பாகக் கறுப்பாக உட்கார்ந்திருந்தது. நகத்தால் அழுத்தியதும் டிக்கென்று வெளியே வந்தது. அதன் பிறகு போட்டதும் நேராக டெஸ்க்டாப் வந்தது.

அடுத்தது மின்சாரத்தை முழுக்க வடிப்பது. பவர் பட்டனைப் பத்து விநாடி அமுக்கி அணையுங்கள். சார்ஜரைக் கழற்றுங்கள். பேட்டரி வெளியே எடுக்கக்கூடிய பழைய மாடல் என்றால் அதையும் எடுங்கள். இப்போது பவர் பட்டனை 30 விநாடி விடாமல் அமுக்கிப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் செருகிப் போடுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரத்தால் மதர்போர்டில் சிக்கிக்கொண்ட நிலை இதில் அழிந்துவிடும். கேட்க நம்பும்படி இருக்காது, ஆனால் லோகோவிலேயே நிற்கும் லேப்டாப்புகளில் இது மட்டுமே போதுமாக இருந்த தடவைகள் நிறைய.

இதிலும் சரியாகவில்லையா? ஃபோனை எடுத்து, பவர் பட்டன் அமுக்குவதிலிருந்து திரை நிற்கும் வரை வீடியோ எடுத்துவையுங்கள். எந்தத் திரை, எத்தனை விநாடியில், விளக்குகள் எப்படி மின்னின, என்ன சத்தம் வந்தது எல்லாம் அதில் பதிவாகிவிடும். இனி உங்கள் திரைக்குரிய தலைப்புக்குப் போங்கள்.

## கம்பெனி லோகோ மட்டும் நிற்கிறது, கீழே புள்ளிகள் சுற்றவில்லை

விண்டோஸ் இன்னும் தொடங்கவே இல்லை என்று இதற்கு அர்த்தம். ஆகவே விண்டோஸை மறுபடி போடுவதில் பயன் இல்லை. இந்தத் திரையில் நிற்கும் லேப்டாப்பை "ஃபார்மட் பண்ணிடலாம்" என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள்.

செய்ய வேண்டிய சோதனை ஒன்றுதான்: பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே மதர்போர்டில் ஓடும் அமைப்புத் திரை) திறக்கிறதா?

அணைத்துவிட்டுப் போட்டவுடன் பயாஸ் கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், ஏசர், ஆசுஸில் எஃப்2. ஹெச்பியில் எஃப்10. லெனோவோவில் பெரும்பாலும் எஃப்2, திங்க்பேடில் எஃப்1. சில மாடல்களில் எஃப்என் கீயையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

### பயாஸ் திறக்கிறது, டிஸ்க்கின் பெயர் தெரிகிறது

நல்ல செய்தி. முதலில் எல்லாப் பக்கங்களையும் ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பூட் வரிசையில் (எதிலிருந்து எழ வேண்டும் என்ற பட்டியல்) விண்டோஸ் பூட் மேனேஜர் முதலில் இருக்கிறதா என்று பாருங்கள். நெட்வொர்க்கோ யுஎஸ்பியோ முன்னால் வந்து உட்கார்ந்திருந்தால் கீழே இறக்குங்கள்.

தேதியையும் பாருங்கள். ஒவ்வொரு முறையும் பல வருடம் பின்னால் போய் நின்றால், மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது. அமைப்புகள் கலைவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். சின்ன பாகம், சின்ன வேலை.

டிஃபால்ட் அமைப்புக்குத் திருப்பச் சொல்லிப் பலரும் ஆலோசனை தருவார்கள். அதில் ஒரு குழி இருக்கிறது. சில லேப்டாப்புகளில் டிஸ்க்கைப் பேசவைக்கும் முறை ரெய்டு அல்லது விஎம்டி என்று இருக்கும், சிலவற்றில் ஏஹெச்சிஐ என்று இருக்கும். டிஃபால்ட்டுக்குப் போகும்போது அது மாறினால், நன்றாக இருந்த விண்டோஸும் டிஸ்க்கைக் கண்டுபிடிக்க முடியாமல் நீலத் திரையில் விழும். படம் எடுக்கச் சொன்னது அதற்காகத்தான். மாறியிருந்தால் பழையபடி வையுங்கள், சரியாகிவிடும்.

### பயாஸ் திறக்கிறது, டிஸ்க்கின் பெயர் இல்லை

டிஸ்க் கழன்றிருக்கிறது, இல்லை செத்துக்கொண்டிருக்கிறது. கீழே விழுந்த லேப்டாப் என்றால் கழன்றிருக்கும் வாய்ப்பு அதிகம். அடிமூடியைத் திறந்து பழக்கம் இருந்தால், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, எஸ்எஸ்டியின் (சுழலும் தட்டு இல்லாத புது வகை டிஸ்க்) திருகை எடுத்து வெளியே இழுத்து மறுபடி செருகுங்கள். பழைய வகை ஹார்ட்டிஸ்க் என்றால் பட்டைக் கேபிளின் இரண்டு முனையையும் அழுத்திப் பாருங்கள். பழக்கம் இல்லையென்றால் இந்த ஒரு வேலைக்காகவே கொண்டுபோய்க் கொடுக்கலாம், தவறில்லை.

ஒரு தடவை தெரிந்து அடுத்த தடவை தெரியாமல் போகும் டிஸ்க்கை நம்பவே நம்பாதீர்கள். தெரியும் நேரத்தில் ஃபைல்களைக் காப்பி எடுத்துவிட்டு மாற்றிவிடுங்கள்.

### பயாஸும் திறக்கவில்லை, அல்லது பயாஸிலேயே உறைகிறது

இப்போது சந்தேகம் ரேம், டிஸ்க், மதர்போர்டு மூன்றின் மேல். டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் போட்டுப் பாருங்கள். பயாஸ் உடனே திறந்தால் குற்றவாளி டிஸ்க். கெட்டுப்போன டிஸ்க்கிடம் பதில் வரும் என்று மதர்போர்டு காத்துக்கொண்டே லோகோவில் நின்றிருக்கிறது.

டிஸ்க் இல்லாமலும் நின்றால் ரேம். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை எடுத்துவிட்டுப் போடுங்கள், பிறகு மற்றதை வைத்துப் போடுங்கள், பிறகு ஸ்லாட்டை மாற்றுங்கள். ரேமின் தங்கநிற விளிம்பை மென்மையான வெள்ளை ரப்பரால் லேசாகத் தேய்த்து, துகள் இல்லாமல் உலர்ந்த துணியால் துடைத்துச் செருகினாலே எழுந்துகொள்வதும் உண்டு. செருகும்போது இரண்டு பக்கக் கிளிப்பும் தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். ரேமைத் தொட்ட பிறகு முதல் முறை போடும்போது, புது மாடல்களில் சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும். புது ரேமை மதர்போர்டு பழகிக்கொள்ளும் நேரம் அது. அவசரப்பட்டு அணைக்காதீர்கள். மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், அங்கே இந்தச் சோதனைக்கு வழி இல்லை.

கேப்ஸ் லாக் விளக்கோ பவர் விளக்கோ ஒரு கணக்கில் மின்னி, நின்று, மறுபடி மின்னுகிறதா? எத்தனை முறை, எந்த நிறம் என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். லேப்டாப் தன் நோயைத் தானே சொல்லும் மொழி அது. உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் அந்த எண்ணிக்கைக்குப் பொருள் இருக்கும். ஹெச்பியில் எஃப்2, டெல்லில் எஃப்12 வழியாகச் சொந்தச் சோதனை மென்பொருளும் உண்டு. பயாஸ் அளவுக்குப் போக முடிந்தால் அதை ஓடவிடுங்கள், ரேமையும் டிஸ்க்கையும் அதுவே பரிசோதித்துச் சொல்லும்.

ரேம், டிஸ்க் இரண்டும் மாற்றிப் பார்த்தும் லோகோவிலேயே நின்றால் மதர்போர்டு. இங்கே கையை எடுத்துவிடுங்கள்.

## லோகோவுக்குக் கீழே புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன

அதிகம் வருவது இதுதான், அதிகம் தவறாகக் கையாளப்படுவதும் இதுதான். விண்டோஸ் எழ முயல்கிறது, ஏதோ ஒன்றில் மாட்டிக்கொள்கிறது.

முதல் வேலை, காதைக் கீழே வைத்துக் கேட்பது. ஹார்ட்டிஸ்க் உள்ள லேப்டாப் என்றால் இது முக்கியம். ஒரே சீராக மெல்லிய உறுமல் கேட்டால் பரவாயில்லை. டிக்... டிக்... என்று தட்டி, நின்று, சுழற்சி வேகம் குறைந்து மறுபடி ஏறும் சத்தம் கேட்டால் உடனே அணையுங்கள். முனைவர் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்த ஒரு பெண் கொண்டுவந்த லேப்டாப்பில் இந்தச் சத்தம் கேட்டது. வருவதற்கு முன் இரண்டு நாள், முப்பது நாற்பது தடவை போட்டுப் பார்த்திருக்கிறார். தட்டும் டிஸ்க்கை ஓடவிட்ட ஒவ்வொரு தடவையும் அது இன்னும் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. பாதி அத்தியாயங்கள்தான் கிடைத்தன. முதல் தடவையே நிறுத்தியிருந்தால் மிச்சமும் கிடைத்திருக்கும் என்று எனக்கு இன்றைக்கும் மனம் ஆறவில்லை.

எஸ்எஸ்டி சத்தம் போடாது. அதற்கு அறிகுறி வேறு: சில வாரமாகவே ஃபைல் திறக்க நேரமாகிறது, காப்பி பாதியில் நிற்கிறது, திடீரென்று எல்லாம் உறைந்து ஒரு நிமிடம் கழித்து உயிர் வருகிறது. இதெல்லாம் நடந்திருந்தால் எதையும் பழுதுபார்க்கும் முன் ஃபைல்களைக் காப்பாற்றுங்கள்.

காப்பாற்றும் வழி: வேறொரு கணினியில் உபுண்டு லினக்ஸை ஒரு பென்டிரைவில் ஏற்றுங்கள், 8 ஜிபி போதும், ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் அதைச் செய்யும். பழுதான லேப்டாப்பில் செருகி, பூட் மெனுவுக்குப் போய் (டெல், லெனோவோவில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9) பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். நிறுவச் சொல்லாமல், முயன்று பார்க்கும் வாய்ப்பைத் தேர்ந்தால் டிஸ்க்கைத் தொடாமல் ஒரு டெஸ்க்டாப் வரும். அங்கிருந்து உங்கள் ஃபோல்டர்களை வெளி டிஸ்க்குக்கு இழுத்துப் போடலாம். இதில் இன்னொரு லாபமும் உண்டு. லினக்ஸ் அரைமணி நேரம் உறையாமல் ஓடினால் ரேமும் மதர்போர்டும் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கின்றன, பழுது டிஸ்க்கில் அல்லது விண்டோஸில். லினக்ஸும் உறைந்தால் விண்டோஸைக் குறைசொல்லிப் பயன் இல்லை.

டிஸ்க் விண்டோஸின் சொந்தப் பூட்டான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண் கேட்கும். "நான் பூட்டவே இல்லையே" என்பார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கால் நுழையும் புது லேப்டாப்புகள் பலவற்றில் அது தானாகவே பூட்டிக்கொள்கிறது. அந்த எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். ஃபோனில் அந்தக் கணக்கைத் திறந்து, சாதனங்கள் பகுதியில் தேடுங்கள். அலுவலக லேப்டாப் என்றால் அலுவலகத்தின் ஐடி பிரிவில் இருக்கும். இந்த எண் இல்லாமல் அந்த டிஸ்க்கை எந்த மெக்கானிக்காலும் திறக்க முடியாது. லேப்டாப் நன்றாக இருக்கும்போதே ஒரு தாளில் எழுதிவைப்பது நல்லது.

ஃபைல்கள் பத்திரம் என்றான பிறகு பழுதுக்கு வரலாம்.

### மீட்புத் திரைக்குப் போவது

புள்ளிகள் சுற்றும்போது பவர் பட்டனைப் பத்து விநாடி அமுக்கி அணையுங்கள். இதை அடுத்தடுத்து இரண்டு தடவை செய்தால் மூன்றாவது தடவை விண்டோஸே மீட்புத் திரைக்குப் போகும். இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். தட்டும் டிஸ்க்கில் இந்த முறையைத் தொடவே வேண்டாம்.

மீட்புத் திரையில் ட்ரபிள்ஷூட், அதற்குள் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ். அதில் இருப்பவற்றை நான் இந்த வரிசையில் போகிறேன்.

1. ஸ்டார்ட்அப் ரிப்பேர். பத்துப் பதினைந்து நிமிடம் எடுக்கும். சரிசெய்ய முடியவில்லை என்று சொன்னால் திரும்பத் திரும்ப ஓட்டாதீர்கள், இரண்டாவது தடவையும் அதையேதான் சொல்லும்.

2. அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். நேற்று வரை ஓடியது, இரவு அப்டேட் போட்டது, காலையில் நிற்கிறது என்றால் முதலில் இதையே செய்யுங்கள். குவாலிட்டி அப்டேட்டை (மாதாமாதம் வரும் சிறு திருத்தம்) முதலில் நீக்குங்கள். ஃபீச்சர் அப்டேட்டை (விண்டோஸின் பதிப்பையே மாற்றும் பெரிய அப்டேட்) திருப்ப வழக்கமாகப் பத்து நாள்தான் அவகாசம்.

3. சேஃப் மோட். அடிப்படை டிரைவர்கள் (பாகங்களை இயக்கும் சிறு மென்பொருள்கள்) மட்டும் ஓட, விண்டோஸை எழுப்பும் முறை இது. ஸ்டார்ட்அப் செட்டிங்ஸில் ரீஸ்டார்ட் கொடுத்து, பட்டியல் வந்ததும் 4 என்ற எண்ணை அமுக்குங்கள். இதில் விண்டோஸ் உள்ளே போனால் பெரிய நிம்மதி: டிஸ்க்கும் விண்டோஸின் அடித்தளமும் நன்றாக இருக்கின்றன, தடுப்பது ஏதோ ஒரு டிரைவர் அல்லது மென்பொருள். கடைசியாக என்ன போட்டீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். இரண்டாவது ஆன்டிவைரஸ், புது கிராஃபிக்ஸ் டிரைவர், விபிஎன், கீபோர்டு வண்ண விளக்கு மென்பொருள். பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாக இருக்கும். அதை நீக்கிவிட்டு இயல்பாகப் போடுங்கள்.

4. சிஸ்டம் ரெஸ்டோர். முன்பே ரெஸ்டோர் பாயிண்ட் (ஒரு தேதியில் விண்டோஸ் இருந்த நிலையின் பதிவு) இருந்தால் மட்டுமே பயன்படும். உங்கள் படங்களும் ஃபைல்களும் போகாது, அந்தத் தேதிக்குப் பிறகு போட்ட மென்பொருள்கள் போகும்.

சேஃப் மோடை நான் இவ்வளவு நம்புவதற்குக் காரணம் உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் பழுதான அப்டேட் ஒன்றால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் எழ முடியாமல் விழுந்தன. விமான நிலையங்கள் முதல் மருத்துவமனைகள் வரை நின்றுபோயின. அவற்றில் பலவற்றை எழுப்பியது ஃபார்மட் இல்லை. சேஃப் மோடில் நுழைந்து அந்த ஒரே ஒரு ஃபைலை நீக்கினார்கள், அவ்வளவுதான். எழாத கணினிக்குள் எல்லாமே கெட்டிருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

சேஃப் மோடில் உள்ளே போக முடிந்தால் இன்னொரு வேலையும் முடித்துவிடுங்கள். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ஆங்கில எழுத்தில் எஸ்எஃப்சி, ஓர் இடைவெளி, முன்சாய்ந்த கோடு, அதோடு ஒட்டி ஸ்கேன்நவ் (sfc /scannow) என்று தட்டி என்டர் கொடுங்கள். கெட்டுப்போன விண்டோஸ் ஃபைல்களை அது தேடி மாற்றும். சதவீதம் நகராததுபோலத் தெரிந்தாலும் விட்டுவிடுங்கள்.

இவை எதுவும் உதவாவிட்டால் ரீசெட். உங்கள் ஃபைல்களை வைத்துக்கொள்ளும் வாய்ப்பையே தேர்ந்தாலும், மென்பொருள்கள் எல்லாம் போய்விடும். ரீசெட் பாதியில் தோற்றால் டிஸ்க்கைத்தான் சந்தேகிக்க வேண்டும், இன்னொரு ரீசெட்டால் அது சரியாகாது.

## அப்டேட் ஒரு சதவீதத்தில் நிற்கிறது

பொறுங்கள். டிஸ்க் விளக்கு மின்னிக்கொண்டிருந்தால், விசிறி ஓடிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது. பழைய ஹார்ட்டிஸ்க்கில் இரண்டு மூன்று மணி நேரம்கூட ஆகும். சார்ஜர் செருகியிருக்கட்டும், இரவு முழுக்க விட்டாலும் நஷ்டம் இல்லை. காலையிலும் அதே எண்ணில் நின்றால் அணைத்துப் போடுங்கள். பெரும்பாலும் விண்டோஸே பின்வாங்கிப் பழைய நிலைக்கு வரும். வந்ததும் சி டிரைவில் இடம் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். நிரம்பி வழியும் டிரைவில் அப்டேட் ஒவ்வொரு மாதமும் இப்படித்தான் சிக்கும்.

ஒரே ஒரு விதிவிலக்கு. திரையில் பயாஸ் அல்லது ஃபர்ம்வேர் அப்டேட் என்று இருந்தால் பவர் பட்டன் பக்கமே கையைக் கொண்டுபோகாதீர்கள். பாதியில் அணைந்தால் மதர்போர்டே எழாமல் போகலாம்.

## கறுப்புத் திரை, அம்புக்குறி மட்டும் அசைகிறது

அம்புக்குறி அசைந்தால் விண்டோஸ் உயிரோடுதான் இருக்கிறது, படம்தான் வரவில்லை. விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அமுக்குங்கள். ஒரு பீப் கேட்டு, திரை ஒரு நொடி மின்னினால் கிராஃபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கியிருக்கிறது. வராவிட்டால் விண்டோஸ் கீயும் இன்னொரு பி-யும் (P) அமுக்கிப் பாருங்கள். இல்லாத இரண்டாவது திரைக்குப் படம் போய்க்கொண்டிருக்கலாம்.

அடுத்து கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப். டாஸ்க் மேனேஜர் திறந்தால் புதிய டாஸ்க் ஓட்டும் இடத்தில் எக்ஸ்ப்ளோரர் (explorer) என்று தட்டுங்கள். டெஸ்க்டாப் வந்துவிட்டால் எக்ஸ்ப்ளோரரைத் தொடங்கவிடாமல் தடுத்தது எது என்று கண்டுபிடிக்க வேண்டும், அதற்கு அடுத்த தலைப்பு உதவும். டாஸ்க் மேனேஜரும் வராவிட்டால் சேஃப் மோடில் போய், டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டரின் டிரைவரை ரோல்பேக் செய்யுங்கள், அதாவது முந்தைய பதிப்புக்குத் திருப்புங்கள்.

அம்புக்குறியும் இல்லை, ஆனால் விசிறி ஓடுகிறது என்றால், இருட்டில் திரையின் மேல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்துகள் தெரிந்தால் லேப்டாப் நன்றாகவே எழுந்திருக்கிறது, திரையின் பின்விளக்குதான் போயிருக்கிறது. மானிட்டர் அல்லது டிவியில் இணைத்தும் உறுதிப்படுத்தலாம். திரை வேலை, மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

## பாஸ்வேர்டு போட்ட பிறகு உறைகிறது

டெஸ்க்டாப் வந்ததும் மவுஸ் நகராமல், எதைச் சொடுக்கினாலும் பதில் இல்லாமல் நிற்பது. ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். மெல்ல விடுபட்டால் அது உறைவில்லை, மூச்சுத்திணறல். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில், தொடங்கும்போதே ஓடும் மென்பொருள்களைப் பாருங்கள். அரட்டை, கேம், கிளவுட், அப்டேட்டர் என்று இருபது இருக்கும். நீங்கள் தினமும் தொடாதவற்றை டிஸேபிள் செய்யுங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கும் பழைய ஹார்ட்டிஸ்க் லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி மாற்றுவதுதான் நிலையான தீர்வு, மற்றதெல்லாம் தற்காலிகம்.

விடுபடவே இல்லையென்றால் சேஃப் மோடில் போய் எம்எஸ்கான்ஃபிக் (msconfig) என்ற விண்டோஸ் கருவியைத் திறந்து, சேவைகள் (பின்னணியில் ஓடும் மென்பொருள்கள்) பட்டியலில் மைக்ரோசாஃப்ட் சேவைகளை மறைத்துவிட்டு, மற்ற எல்லாச் சேவைகளையும் நிறுத்திப் போடுங்கள். உறையாவிட்டால் பாதியைத் திரும்ப இயக்குங்கள். உறைந்தால் அந்தப் பாதிக்குள் இருக்கிறது. பாதி பாதியாகப் போனால் முப்பது சேவையிலும் ஐந்து தடவையில் ஆளைப் பிடித்துவிடலாம்.

புதிதாக வேறொரு பயனர் கணக்கு தொடங்கி அதில் நுழைந்தும் பாருங்கள். அதில் ஓடினால் உங்கள் கணக்கின் ப்ரொஃபைல் கெட்டிருக்கிறது. ஃபைல்களைப் புதுக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம், ஃபார்மட் தேவையில்லை.

## ரீஸ்டார்ட் கொடுத்தால் வருகிறது, அணைத்துப் போட்டால் நிற்கிறது

இந்த ஒரு வாக்கியத்தை யாராவது சொன்னால் மேலே கேட்க வேண்டியதே இல்லை, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்தான். விண்டோஸ் 8 காலத்திலிருந்து, ஷட்டவுன் கொடுத்தால் கணினி முழுக்க அணைவதில்லை. தன் உள்நிலையில் ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதிவைத்து, அடுத்த முறை அதை வாசித்துக்கொண்டு எழுகிறது. அந்தப் பகுதி பழுதானால் ஒவ்வொரு காலையும் அதே பழுதோடு எழும். ரீஸ்டார்ட் மட்டுமே முழுமையாகத் தொடங்குகிறது.

கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற இணைப்பு. மேலே இருக்கும் மாற்ற அனுமதிக்கும் வரியைச் சொடுக்கிய பிறகே கீழே இருக்கும் டிக் அடிக்கக் கிடைக்கும். டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற டிக்கை எடுத்துச் சேமியுங்கள். எழுவதற்குச் சில விநாடி கூடுதலாகும், வேறு இழப்பு இல்லை. இது சரிசெய்தால் வேறெதையும் தொடாதீர்கள்.

## ஒரு நாள் வருகிறது, ஒரு நாள் வரவில்லை

தலைவலி இது. ஒரே திரையில் நிற்காமல், இன்று லோகோவில், நாளை பாஸ்வேர்டில் என்று இடம் மாறினால் மென்பொருளை விட்டுவிட்டு வன்பொருளைப் பாருங்கள்.

குளிர்ந்திருக்கும்போது வந்து, சூடானதும் நின்றால் தூசு. காற்று வெளியேறும் இடுக்கில் கையை வைத்துப் பாருங்கள். விசிறி இரைகிறது, காற்று வரவில்லை என்றால் உள்ளே தூசு கம்பளியாக அடைத்திருக்கிறது. நேர்மாறாக, குளிர்ந்தபோது நின்று, சூடான பிறகு இரண்டு மூன்று தடவை போட்டால் வருகிறது என்றால் போர்டில் எங்கோ பற்றவைப்பு விட்டிருக்கலாம். அது வீட்டில் செய்யும் வேலை இல்லை.

சார்ஜர் செருகினால் நிற்கிறது, பேட்டரியில் வருகிறது (அல்லது நேர்மாறு) என்றால் சார்ஜரைச் சந்தேகியுங்கள். ஃபோன் சார்ஜரை டைப்-சி துளையில் செருகி லேப்டாப் ஓட்டுபவர்களிடம் இதை நிறையப் பார்க்கிறேன். சார்ஜ் ஆவதாகக் காட்டும், எழும் நேரத்தில் தேவைப்படும் வாட்டைக் கொடுக்க முடியாது. லேப்டாப்போடு வந்த சார்ஜரில் போட்டுப் பாருங்கள்.

மூன்றுமில்லை என்றால் ரேம். வரும் நாளில் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கை ஓடவிடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேமை மாற்ற வேண்டும், ஒன்றிரண்டு பிழை பரவாயில்லை என்பதே ரேமில் கிடையாது.

## எப்போது கொடுத்துவிட வேண்டும்

பேட்டரி வீக்கம், தட்டும் டிஸ்க், தண்ணீர் பட்ட லேப்டாப், கருகிய வாசனை, டிஸ்க்கையும் ரேமையும் மாற்றிப் பார்த்தும் லோகோவில் நிற்பது. இந்த ஐந்தில் எது இருந்தாலும் மேற்கொண்டு போட்டுப் பார்க்காதீர்கள். வாரன்ட்டி ஓடும் லேப்டாப் என்றால் அடிமூடியைத் திறப்பதற்கு முன்பே கம்பெனியிடம் போங்கள்.

தட்டும் டிஸ்க்கில் உங்களுக்கு வேண்டியது லேப்டாப்பா, உள்ளே இருக்கும் ஃபைல்களா என்று முதலில் முடிவுசெய்யுங்கள். ஃபைல்கள் என்றால் சாதாரண சர்வீஸுக்குக் கொடுக்காமல், டேட்டா மீட்புக்கென்றே இருக்கும் இடத்துக்குக் கொடுங்கள். இரண்டும் வேறு தொழில்.

கொடுக்கும்போது "ஆன் ஆகுது, உள்ள போகல" என்று மட்டும் சொல்லாமல், எடுத்துவைத்த வீடியோவைக் காட்டுங்கள். இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். "கேட்காம ஃபார்மட் பண்ண வேண்டாம்" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். டிஸ்க்கை மாற்றினால் பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதில் உங்கள் வாழ்க்கை இருக்கிறது.

திரும்ப வாங்கும்போது அங்கேயே, முழுக்க அணைத்து மூன்று தடவை போட்டுப் பாருங்கள். ஒரு தடவை சார்ஜரோடு, ஒரு தடவை பேட்டரியில் மட்டும், ஒரு தடவை பத்து நிமிடம் ஆறவிட்டு. மூன்றிலும் டெஸ்க்டாப் வரை போனால் வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.